பயன்பாட்டு நோக்கம் என்னும் ஒரே வாக்கியம்: வளரும் மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒழுங்குமுறைப் பிரிவை வழிநடத்துவது எப்படி

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும், நோயறிதலுக்குப் பயன்படும் மென்பொருள் உட்பட, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் 'மருந்து' என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. ஆபத்து குறைந்த ஏ முதல் ஆபத்து மிகுந்த டி வரை நான்கு வகைகளாகச் சாதனங்கள் பிரிக்கப்படுகின்றன. அவற்றில் ஏ, பி வகைச் சாதனங்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகைச் சாதனங்களுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமானது. இதனால், அதுவரை தம்மை மென்பொருள் நிறுவனமாகவே எண்ணியிருந்த பல இளம் நிறுவனங்கள் முதன்முறையாக ஒழுங்குமுறைப் பிரிவுக்கென ஒரு தலைவரைத் தேடத் தொடங்கின. அப்படிப் பொறுப்பேற்கும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே எடுத்துக்காட்டை இறுதிவரை கையாள்கிறேன். சென்னையில் ஐம்பது பேர் பணியாற்றும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்பில் ஒட்டிக்கொள்ளும் சிறிய ஈசிஜி பட்டையையும், அது புளூடூத் வழியாக அனுப்பும் பதிவை ஆராய்ந்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத் துடிப்பைக் கண்டறியும் மென்பொருளையும் அந்நிறுவனம் தயாரிக்கிறது. முதல் சுற்று முதலீடு வந்துவிட்டது. மருத்துவமனைகள் கேட்கத் தொடங்கிவிட்டன. உரிமம் இன்னும் இல்லை.

முதல் படி: வாக்கியத்தை எழுதி முடியுங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் 'இன்டெண்டட் யூஸ்' என்று சொல்லும் பயன்பாட்டு நோக்கத்தை எழுதி முடிக்காமல் வேறு எந்த வேலையையும் தொடங்காதீர்கள். சாதனத்தின் வகை, உரிமம் தரும் அதிகாரி, செய்ய வேண்டிய சோதனைகள், திரட்ட வேண்டிய மருத்துவச் சான்று, லேபிளின் வாசகம், விளம்பரத்தின் எல்லை ஆகிய அனைத்தும் அந்த வாக்கியத்திலிருந்தே பிறக்கின்றன. இத்துறையில் நான் கண்ட பெரிய இழப்புகளில் பெரும்பாலானவை அது தெளிவில்லாமல் எழுதப்பட்டதாலோ, எழுதிய பின் யாரும் கவனிக்காமல் மாறிப்போனதாலோ நேர்ந்தவை.

நமது பட்டைக்கு இரண்டு வாக்கியங்களை எழுதிப் பார்ப்போம். ஒன்று: "பதினெட்டு வயது நிறைந்தவர்களின் இதயத் துடிப்பை வீட்டிலிருந்தபடியே ஏழு நாட்கள் வரை பதிவு செய்து, மருத்துவர் பின்னர் ஆராய்வதற்குத் தருவது." மற்றொன்று: "தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கண்காணித்து, உயிருக்கு ஆபத்தான மாற்றம் தோன்றியவுடன் எச்சரிப்பது." பட்டை ஒன்றே, மென்பொருளும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின் முதல் அட்டவணை, உயிர்நிலைச் செயல்பாடுகளை நேரடியாக அறிய உதவும் மின்சாதனங்களைப் பொதுவாக பி வகையில் வைக்கிறது; அளவில் ஏற்படும் மாற்றம் நோயாளிக்கு உடனடி ஆபத்தாக முடியக்கூடிய நிலையில் அதைக் கண்காணிப்பதற்கென்றே அமைந்தவற்றை சி வகைக்கு உயர்த்துகிறது. முதல் வாக்கியத்துக்கு மாநில அரசின் உரிமம் போதும். இரண்டாவதற்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவிடம் செல்ல வேண்டும். சொற்கள் மாறியதால் மட்டுமே அலுவலகமும், ஆய்வு முறையும், ஆகும் காலமும் மாறிவிடுகின்றன.

வாக்கியத்தில் சாதனம் என்ன செய்யும் என்பதோடு, யாருக்கு, யார் கையில், எந்த இடத்தில், எந்த முடிவுக்குத் துணையாக என்பதும் இடம்பெற வேண்டும். எதற்கு அன்று என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஆப்பிள் கைக்கடிகாரத்தின் ஈசிஜி மென்பொருளுக்கு, முன்னோடி இல்லாத புதிய வகைச் சாதனங்களுக்கான டி நோவோ வழியில் அனுமதி அளித்தது. அதன் பயன்பாட்டு நோக்கத்தில் 22 வயதுக்கு உட்பட்டோருக்கு அது உரியதன்று என்றும், வேறு துடிப்புக் கோளாறு இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்றும், வழக்கமான நோயறிதல் முறைகளுக்கு மாற்றாகாது என்றும் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றே இப்படித் தனக்கு வேலி போட்டுக்கொண்டது. உங்கள் நிறுவனர் "எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதுங்கள்" என்று கேட்கும்போது இந்த எடுத்துக்காட்டைக் காட்டுங்கள்.

நிறுவனர், ஆலோசகராக உள்ள இதய மருத்துவர், மென்பொருள் பிரிவின் தலைவர், விற்பனைத் தலைவர் ஆகிய நால்வரையும் ஒரே அறையில் அமரவைத்து வாக்கியத்தை முடிவு செய்து, பதிப்பெண்ணும் தேதியும் இட்டு, நால்வரின் கையொப்பத்தையும் பெறுங்கள். விற்பனைத் தலைவரின் கையொப்பத்தை எக்காரணத்தாலும் தவிர்க்காதீர்கள்; பின்னாளில் அந்த வாக்கியத்தை நீட்டிச் சொல்லும் ஆசை முதலில் அவர் பக்கத்திலிருந்துதான் வரும்.

இரண்டாம் படி: நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள்

தயாரிப்புப் பிரிவின் தலைவருக்கோ விற்பனைத் தலைவருக்கோ கீழே ஒழுங்குமுறைப் பிரிவு அமையக்கூடாது. "இந்தப் பதிப்பை வெளியிட முடியாது" என்று நீங்கள் சொல்ல வேண்டிய நாள் கட்டாயம் வரும். அந்த முடிவைத் தன் இலக்குக்காக மாற்றக்கூடிய ஒருவரே உங்கள் மேலதிகாரியாக இருந்தால், உங்கள் பதவி பெயரளவில் மட்டுமே இருக்கும். முதன்மைச் செயல் அதிகாரிக்கு நேரடியாகப் பதில் சொல்வதையும், வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருப்பதையும் பணியில் சேரும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஐம்பது பேர் உள்ள நிறுவனத்தில் முதல் ஆண்டுக்கு உங்களோடு இருவர் போதும். ஒருவர் தர மேலாண்மை ஆவணங்களையும் ஆடிட்டையும் கவனிப்பவர். மற்றவர் மென்பொருள் குழுவோடு அமர்ந்து, அவர்களுடைய அன்றாட வேலையிலேயே ஆவணங்கள் உருவாகும்படி பார்த்துக்கொள்பவர். வெளி ஆலோசகரை அமர்த்துவதில் தவறில்லை. ஆனால் விண்ணப்பத்தை அவர் எழுதி நீங்கள் கையெழுத்து மட்டும் இடும் நிலை வேண்டாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு ஆலோசகர் பதில் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: பொருந்தும் சட்டங்களைப் பட்டியலிடுங்கள்

மருத்துவச் சாதன விதிகளை மட்டும் படித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். நமது பட்டையில் புளூடூத் இருப்பதால், தொலைத்தொடர்புத் துறையில் வானலைப் பயன்பாட்டைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவிடம் கருவி வகை ஒப்புதல் தேவைப்படும். அதில் லித்தியம் மின்கலம் இருந்தால், அந்த மின்கலத்துக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு உள்ளதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியின் அறிவிப்புகளுக்குச் சட்டமுறை எடையளவு விதிகள் பொருந்தும். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, எந்த மருத்துவச் சாதனத்தின் அதிகபட்ச சில்லறை விலையையும் பன்னிரண்டு மாதங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது. அறிமுகச் சலுகை என்று குறைந்த விலையை அச்சிட்டுவிட்டு அடுத்த ஆண்டே இரட்டிப்பாக்கத் திட்டமிடும் நிறுவனர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோயாளியின் ஈசிஜி பதிவுகளைச் சேமிப்பதால் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வருகிறது. விற்போரும் இருப்பு வைப்போரும் எம்டி-42 படிவத்தில் தரப்படும் பதிவுச் சான்றோ மருந்து விற்பனை உரிமமோ வைத்திருக்க வேண்டும். உங்கள் விநியோகஸ்தரிடம் அது இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு காலக்கெடு, ஒரு சான்று என மூன்று கட்டங்கள் கொண்ட ஒரே அட்டவணையில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தர மேலாண்மையை நடந்த வேலையிலிருந்து கட்டுங்கள்

சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்துவது 2017 விதிகளின் ஐந்தாம் அட்டவணை. அது மருத்துவச் சாதனத் தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 13485 தரநிலையை ஒட்டியே அமைந்திருப்பதால், இரண்டையும் ஒரே கட்டமைப்பில் செய்துவிடலாம். வாங்கிய மாதிரி ஆவணங்களில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அடுக்கிவைப்பதை அனுபவமுள்ள ஆடிட்டர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் ஊழியர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் கவனித்து எழுதி, அதில் குறை உள்ள இடத்தில் நடைமுறையைத் திருத்துங்கள்.

இடர் மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, மென்பொருள் வாழ்க்கைச் சுழற்சிக்கு ஐஇசி 62304, பயன்படுத்துவோரின் தவறுகளைக் குறைக்க ஐஇசி 62366-1 ஆகியவை நமது நிறுவனத்துக்கு அடித்தளம். இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. 62304 தரநிலையும் மென்பொருளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. அது மென்பொருள் தவறினால் நேரக்கூடிய தீங்கின் அளவைப் பொறுத்தது. இந்திய விதிகளின் ஏ, பி, சி, டி வகைப்பாட்டோடு அதற்குத் தொடர்பில்லை. பி வகைச் சாதனத்தில் சி வகுப்பு மென்பொருள் இருக்க முடியும். ஆவணங்களில் ஒவ்வொரு முறையும் 'சாதன வகை', 'மென்பொருள் பாதுகாப்பு வகுப்பு' என்று முழுப் பெயரிலேயே எழுதுவதை வழக்கமாக்குங்கள்.

மென்பொருள் பொறியாளர்கள் இந்த ஆவணங்களைச் சுமையாகக் கருதுவது இயல்பு. அவர்களிடம் விதியைக் காட்டி வற்புறுத்துவதைவிடத் தெராக்-25 கருவியின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி, அறியப்பட்ட ஆறு நிகழ்வுகளில் நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தார்கள். முந்தைய மாதிரியில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பினார்கள். பழைய மாதிரியின் நிரல்களில் இருந்த பிழைகளை அதுவரை அந்தப் பூட்டுகளே மறைத்து வந்திருந்தன. எங்கிருந்தோ எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரல் தொகுப்பையும் ஏன் பட்டியலிட்டு, அது தவறினால் என்ன ஆகும் என்று எழுதச் சொல்கிறோம் என்பதை இதைக் கேட்ட பொறியாளருக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஐந்தாம் படி: சோதனைகளும் மருத்துவச் சான்றும்

விற்பனைக்கு அன்றிச் சோதனைக்காகவும் மருத்துவ ஆய்வுக்காகவும் சிறிய அளவில் தயாரிப்பதற்கே அனுமதி வேண்டும். எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்தால் எம்டி-13 அனுமதி கிடைக்கும். இதைப் பெறாமல் நடத்திய சோதனைகளைப் பின்னர் விண்ணப்பத்தில் இணைக்க நேர்ந்தால் பதில் சொல்வது கடினம்.

எந்தத் தரநிலையைப் பின்பற்றுவது என்பதை விதிகளே வரிசைப்படுத்துகின்றன. பிஐஎஸ் அல்லது அமைச்சகம் அறிவித்த தரநிலை இருந்தால் அது. இல்லையேல் ஐஎஸ்ஓ, ஐஇசி போன்ற பன்னாட்டுத் தரநிலை. அதுவும் இல்லையேல் தயாரிப்பாளர் தாமே சரிபார்த்து நிறுவிய தரநிலை. நமது பட்டைக்கு மின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-1, மின்காந்தப் பொருத்தத்துக்கான 60601-1-2, நடமாடும் ஈசிஜி கருவிகளுக்கான 60601-2-47 ஆகியவையும், தோலில் ஒட்டும் பகுதிக்கு ஐஎஸ்ஓ 10993 வரிசையின் செல் நச்சுத்தன்மை, ஒவ்வாமை, எரிச்சல் சோதனைகளும் தேவைப்படும். சென்னையில் இருப்போருக்கு மின்காந்தச் சோதனைக்குத் தரமணியில் உள்ள சமீர் மையம் அருகிலேயே இருப்பது ஒரு வசதி. ஆய்வகத்துக்கு முறையாக அனுப்புவதற்கு முன் ஒருநாள் முன்சோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள். இறுதி வடிவம் அச்சான பிறகு மின்காந்தச் சோதனையில் தோற்றுச் சுற்றுப்பலகையையே மாற்றி வடிவமைப்பது பல மாதங்களை விழுங்கிவிடும்.

மருத்துவச் சான்றில், இதே நோக்கத்துக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற முன்னோடிச் சாதனம் இந்தியாவில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் அதனோடு ஒப்பிட்டு, உங்கள் சாதனம் அதற்கு இணையானது என்று நிறுவலாம். இல்லையென்றால் எம்டி-22 வழியாக விண்ணப்பித்து, எம்டி-23 அனுமதியோடும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் மருத்துவ ஆய்வு நடத்த வேண்டியிருக்கும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்துவிடுங்கள். இங்கும் அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். வீட்டில் நடமாடுவோருக்கான சாதனம் என்று எழுதிவிட்டு, மருத்துவமனைப் படுக்கையில் அசையாமல் கிடந்தவர்களிடம் மட்டும் தரவு திரட்டியிருந்தால், அந்தச் சான்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாக்கியத்தைத் தாங்காது. நடக்கும்போதும் வியர்க்கும்போதும் பட்டையின் பதிவு எப்படிக் கலங்குகிறது என்பதே அங்கு கேட்கப்படும்.

ஆறாம் படி: விண்ணப்பமும் ஆய்வும்

பி வகைக்கு எம்டி-3 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-5 உரிமம் பெறுகிறோம். தமிழ்நாட்டில் இதை அளிப்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சி வகையானால் மத்திய அதிகாரிக்கு எம்டி-7, கிடைக்கும் உரிமம் எம்டி-9. பி வகையில் சிடிஎஸ்சிஓவில் பதிவு பெற்ற தணிக்கை நிறுவனமான நோட்டிஃபைடு பாடி ஆடிட் செய்கிறது. சி, டி வகைகளில் அதிகாரிகளே தொழிற்கூடத்துக்கு வருகிறார்கள். உங்கள் பட்டையை உரிமம் பெற்ற வேறொருவரின் தொழிற்கூடத்தில் தயாரித்தால் அதற்குரியது கடன் உரிமம். பி வகைக்கு எம்டி-4 விண்ணப்பம், சி வகைக்கு எம்டி-8. இங்கே சுற்றுப்பலகையைப் பொருத்தித் தரும் சாதாரண ஒப்பந்தத் தொழிற்கூடத்தையும் உரிமம் பெற்ற தயாரிப்பாளரையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள்.

விண்ணப்பத்தின் உயிர், சாதனத்தைப் பற்றிய முழு விவரங்களையும் கொண்ட கோப்பான டிவைஸ் மாஸ்டர் ஃபைலில் இருக்கிறது. நான்காம் அட்டவணை அதன் உள்ளடக்கத்தை வகுத்துத் தருகிறது. அனுப்புவதற்கு முன், திட்டத்தில் ஈடுபடாத ஒருவரைக் கொண்டு ஒரே ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள்: பயன்பாட்டு நோக்கம் எழுதப்பட்ட எல்லா இடங்களையும், அதாவது கோப்பு, லேபிள், பயன்பாட்டுக் கையேடு, இடர் அறிக்கை, ஆய்வு நெறிமுறை ஆகியவற்றை அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு சொல் வேறுபட்டாலும் கேள்வி வரும். ஒவ்வொரு கேள்விக்கும் வாரங்கள் கழியும்.

அதிகாரி கேட்டதற்கு மட்டும், உண்மையை மட்டும், ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்லும்படி ஊழியர்களைப் பழக்குங்கள். தெரியாததற்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்பதே சரியான பதில். உரிமம் கிடைத்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் தக்கவைக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்துவைப்பது சிறிய வேலைதான். மறந்தால் உரிமமே போய்விடும்.

ஏழாம் படி: வாக்கியம் நழுவாமல் பாருங்கள்

உரிமம் பெற்ற பிறகே உண்மையான கடினம் தொடங்குகிறது. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், பின்னர் மருத்துவர் பார்ப்பதற்கான பதிவுக் கருவி என்று உரிமம் பெற்ற சாதனத்தின் இணையப் பக்கத்தில், "இருபத்துநான்கு மணி நேரமும் உங்கள் இதயத்துக்குக் காவல்" என்ற வரி ஒரு மாலையில் ஏறிவிட்டது. எழுதியவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. வரி அழகாக இருந்தது. ஆனால் அதைப் படித்த ஒரு நோயாளியின் மகள், அப்பாவுக்கு ஏதேனும் நேர்ந்தால் சாதனம் உடனே அழைக்கும் என்று நம்பி, அவரைத் தனியே விட்டுச் சென்றிருக்கிறார். அவருக்கு எதுவும் நேரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு வந்த ஒரு சாதாரண அழைப்பின் வழியாகவே எங்களுக்கு அது தெரியவந்தது. விளம்பர வரிகளை நான் அதற்கு முன் பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து விளம்பரம், இணையப் பக்கம், விற்பனையாளர் காட்டும் படக்காட்சி, மென்பொருள் திரையில் தோன்றும் ஒவ்வொரு செய்தி ஆகிய அனைத்தும் வெளிவருமுன் என் பிரிவின் ஒப்புதலைப் பெறும் நடைமுறையை எங்கு பணியாற்றினாலும் முதல் மாதத்திலேயே ஏற்படுத்திவிடுகிறேன்.

மாற்றங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஆறாம் அட்டவணை மாற்றங்களைப் பெரியவை, சிறியவை என்று பிரிக்கிறது. மூலப்பொருள், பயன்பாட்டு நோக்கம், தயாரிக்கும் இடம், தரத்தைப் பாதிக்கும் வடிவமைப்பு மாற்றம் போன்றவை பெரியவை. அவற்றுக்கு முன்னொப்புதல் தேவை. தரத்தைப் பாதிக்காத வடிவமைப்பு மாற்றம் போன்ற சிறியவற்றை முப்பது நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். இரு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடப் பழகிய மென்பொருள் குழுவுக்கு இது பொருந்தாததுபோல் தோன்றும். எனவே ஒவ்வொரு பதிப்புக்கும் முன் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்லுங்கள்: பயன்பாட்டு நோக்கம் மாறுகிறதா, துடிப்பைக் கண்டறியும் கணக்கீடு மாறுகிறதா, புதிய இடர் தோன்றுகிறதா, பழைய இடருக்கான தடுப்பு நீங்குகிறதா, லேபிள் மாற வேண்டுமா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் அந்தத் தாளோடு பதிப்பு வெளியேறலாம். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அது உங்கள் மேசைக்கு வர வேண்டும். செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் புதிய தரவில் மீண்டும் பயிற்றுவிப்பது இரண்டாம் கேள்விக்கு எப்போதும் 'ஆம்'தான், முடிவுகள் மேம்பட்டிருந்தாலும்.

எட்டாம் படி: வெளிநாட்டுச் சந்தை

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் பெரும்பாலான ஈசிஜி சாதனங்கள், ஏற்கெனவே சந்தையில் உள்ள சாதனத்துக்கு இணையானது என்று காட்டும் 510(கே) வழியில் செல்கின்றன. விண்ணப்பிக்குமுன் எஃப்டிஏயிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்கும் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். 2026 பிப்ரவரி 2 முதல் அமெரிக்கத் தர விதிகள் ஐஎஸ்ஓ 13485 தரநிலையையே உள்வாங்கிக்கொண்டுவிட்டதால், நான்காம் படியில் செய்த வேலை அங்கும் பயன்படும். ஐரோப்பாவில் 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவச் சாதன ஒழுங்குமுறையின் பதினோராம் விதி, நோயறியும் முடிவுக்குத் தகவல் தரும் மென்பொருளைக் குறைந்தது, மிகக் குறைந்த ஆபத்துக்கான முதல் வகைக்கு அடுத்த 2ஏ வகையில் வைக்கிறது. எனவே இந்தியாவில் எந்த வகை என்பதை வைத்து அங்கே கணக்குப் போட முடியாது. ஒரு நாட்டில் வேரூன்றாமல் மூன்று நாடுகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் திட்டத்தை ஐம்பது பேர் உள்ள நிறுவனத்தில் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒன்பதாம் படி: புகாரும் திரும்பப் பெறுதலும்

எதிர்பாராத கடும் பாதக நிகழ்வு என்று ஐயுறத்தக்க எதுவும் நிறுவனத்தின் கவனத்துக்கு வந்த பதினைந்து நாட்களுக்குள், எடுத்த நடவடிக்கையோடு அதை உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கவனத்துக்கு வந்தது என்பது உங்கள் கவனத்துக்கு வந்தது என்று பொருளாகாது. வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசியை எடுத்த புதிய ஊழியர் கேட்ட கணத்திலேயே அந்நாட்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே தோல் புண், மயக்கம், தவறவிட்ட துடிப்புக் கோளாறு, மருத்துவமனையில் சேர்த்தது ஆகிய சொற்களில் எது காதில் விழுந்தாலும் அன்றே உங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்று சேவைப் பிரிவு, விற்பனைப் பிரிவு, கிடங்கு ஆகிய அனைவரையும் பழக்குங்கள். காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2015 முதல் நடத்திவரும், மருத்துவச் சாதனங்களின் பாதக நிகழ்வுகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் இத்தகைய நிகழ்வுகளைத் தெரிவிக்கலாம். மருத்துவமனைகளிலிருந்து அங்கே செல்லும் புகார் உங்கள் சாதனத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

ஆண்டுக்கு இருமுறை, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், திரும்பப் பெறும் பயிற்சி ஒன்றை நடத்துங்கள். ஒரு தொகுதி எண்ணை எடுத்துக்கொண்டு, அதில் தயாரான பட்டைகள் இப்போது எந்த விநியோகஸ்தரிடம், எந்த மருத்துவமனையில் உள்ளன என்பதை ஒரு மாலைக்குள் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகுதியில் எந்த மென்பொருள் பதிப்பு ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் முறை பெரும்பாலும் முடியாது. ஏதோ ஒரு விநியோகஸ்தரின் பதிவேடு வரவில்லை என்பார்கள், அல்லது இலவச மாதிரியாகக் கொடுத்த இருபது பட்டைகளுக்குக் கணக்கே இருக்காது. எவை கிடைக்கவில்லை என்பதை அன்றே எழுதி, முதன்மைச் செயல் அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, அடுத்த பயிற்சிக்கான தேதியை உங்கள் நாட்காட்டியில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.